தசைக்குப் பி.எஃப். கிடையாது

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்கு 1951-இல் பெரிய அளவில் ஒரு மருத்துவப் பரிசோதனை நடந்தது. அந்தப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற மருத்துவர் 22 ஆண்டுகள் அந்த ஆட்களைப் பின்தொடர்ந்தார். 35 வயதிலிருந்து 74 வயது வரை மொத்தம் 6,351 பேர். யார் மூட்டை சுமந்தார், யார் கிரேன் ஓட்டினார், யார் மேசையில் உட்கார்ந்து கணக்கெழுதினார், யார் எப்போது வேலை மாறினார் என்று எல்லாம் கணக்கில் வந்தது. முடிவுகள் 1975-இல் வெளியாயின. மாரடைப்பு போன்ற இதயநோய்ச் சாவுகள் கடுமையான உடலுழைப்பு செய்தவர்களிடம் 10,000 ஆள்-ஆண்டுகளுக்கு 26.9; நடுத்தர உழைப்பில் 46.3, லேசான வேலையில் 49. சுமை தூக்கியவனின் இதயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பத்திரமாக இருந்தது.

இதை ராயபுரத்தில் சொல்லிப் பாருங்கள். ஹார்பரில் காலம் தள்ளிய பெரியவர் யாராவது உடனே மடக்குவார்: "முப்பது வருஷம் மூட்டை தூக்கினவன்பா நான். எனக்கு இன்னாத்துக்கு எக்சர்சைஸு?" எண்ணூர் லேலண்டிலும் திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப்.பிலும் ஷிஃப்ட் பார்த்தவர்களிடமும் இதே பதில்தான். காசிமேட்டில் மீன்கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாக நடந்த அம்மாவும் இதையேதான் சொல்வார். கூடவே, "இப்ப குந்தினா எழ முடியல" என்பார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம் இருக்கிறது. இத்தனை உழைத்த கால்கள் ஏன் எழ மறுக்கின்றன?

சேமிப்பில் நிற்காத உழைப்பு

பாஃபன்பார்கரின் அடுத்த ஆய்வே இதற்குப் பாதி விடை தந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த 16,936 ஆண்களின் பழக்கவழக்கங்களையும் மாரடைப்பையும் ஒப்பிட்டு 1978-இல் அவர் எழுதினார். கல்லூரி நாளில் அணிக்காக விளையாடி, பிறகு விட்டுவிட்டவர்களுக்கு அந்த விளையாட்டால் எந்தப் பாதுகாப்பும் மிஞ்சவில்லை. கல்லூரியில் பந்தையே தொடாமல், பிற்பாடு சுறுசுறுப்பாக மாறியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. மாதாமாதம் பிடித்து ஓய்வுபெறும் நாளில் மொத்தமாகக் கொடுக்கும் பி.எஃப். கணக்கு உடம்பில் இல்லை. இந்த வாரம் என்ன வேலை கொடுத்தீர்கள் என்பது மட்டுமே அதற்குக் கணக்கு.

காரணம் தசையின் இயல்பு. தசைப் புரதம் நாள்தோறும் உடைந்து, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. வேலை இருந்தால் கட்டுமானம் முந்தும். வேலை இல்லாவிட்டால் உடைப்பு முந்தும். சராசரி 67 வயதுள்ள, ஆரோக்கியமான 11 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் பத்து நாள் முழுநேரமும் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். 2007-இல் வந்த அந்த ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் கொழுப்பு நீங்கிய சதை ஏறத்தாழ ஒரு கிலோ கரைந்திருந்தது. காய்ச்சலோ நோயோ இல்லை, வெறும் படுக்கை. டெங்குவுக்கோ கண்புரை அறுவைக்கோ பிறகு "ஒரு மாசம் அசையாம படுத்திருங்க" என்று அன்போடு சொல்லும் வீடுகள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

வயதும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிறது. முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு ஆணை கொண்டுவரும் நரம்பணுக்கள் வயதோடு குறைகின்றன. முதலில் அடிபடுவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். நிதானமாக நடக்க உதவும் இழைகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சட்டென்று எழ, தடுக்கினால் சடக்கென்று காலை முன்னே வைக்க உதவும் இழைகள் மெலியும். அதனால்தான் தெருமுனைவரை தாராளமாக நடக்கிறவர் தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றுகிறார்.

மீதிப் பாதி விடை சற்றுக் கசப்பானது. சான் பிரான்சிஸ்கோ ஆய்வு உழைப்பைப் பாராட்டியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. 2018-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களின் இறப்பு அபாயம் 18 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து 2021-இல் எழுதியதும் இதே திசையில்தான்: ஓய்வுநேர உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது, வேலையிட உழைப்பு கூட்டுவதில்லை. வறுமை, புகை, தூசி ஆகியவற்றின் பங்கை இதிலிருந்து முழுக்கப் பிரித்தெடுப்பது கடினம். ஆனாலும் ஒரு வேறுபாடு தெளிவு. உடற்பயிற்சியில் சுமையை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், மூச்சு வாங்கினால் நிறுத்துகிறீர்கள், மறுநாள் ஓய்வெடுக்கிறீர்கள். மூட்டை தூக்குவதில் சுமையைக் கப்பல் தீர்மானிக்கிறது, வேகத்தை மேஸ்திரி தீர்மானிக்கிறார். எட்டு மணி நேரம் இரத்த அழுத்தம் ஏறியே நிற்கிறது. முதுகு ஒரே கோணத்தில் வளைகிறது. பழைய உழைப்பு மூட்டில் தேய்மானத்தை விட்டுப்போகும்; பலத்தை விட்டுப்போகாது.

சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் நாட்டின் முதல் தனிக் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. தோளிலிருந்து சுமை மெல்ல மெல்ல இயந்திரத்துக்குப் போனது. அது நல்லதுக்குத்தான். ஆனால் அந்தத் தோளுக்கும் காலுக்கும் இனி வேலை கொடுப்பது யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறு வயதில் பளு

போன தசை திரும்புமா? 1990-இல் பாஸ்டன் நகர முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் மரியா ஃபியடரோன் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேர். இதயநோய், எலும்புத் தேய்மானம் எல்லாம் உள்ளவர்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம், காலை நீட்டிப் பளுவை உயர்த்தும் பயிற்சி. பளு எவ்வளவு? ஒருவர் ஒரே ஒருமுறை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியுமோ அதில் 80 சதவீதம்.

முடித்தவர்கள் ஒன்பது பேர். பழைய குடலிறக்க வடு வலித்ததால் ஒருவர் விலகினார். மற்றவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் வளர்ந்தது. இருவர் கைத்தடியை விட்டார்கள்.

174-க்கும் 9-க்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். தசை கொஞ்சம்தான் வளர்ந்திருக்கிறது. பலம் பலமடங்கு ஏறியிருக்கிறது. தூங்கிக்கிடந்த இழைகளை எழுப்பி ஒரே நேரத்தில் வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டதே இதன் பெரும்பகுதி. எனவேதான் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே, உடம்பு பார்க்க அப்படியே இருக்கும்போதே, படியேறுவது லேசாகிறது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. பயிற்சியை நிறுத்தி நான்கே வாரத்தில் அதிகபட்ச பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது. தொண்ணூறு வயதிலும் சேமிப்பு கிடையாது.

மென்மை என்றால் என்ன?

முதியோருக்கான பயிற்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது கையை மேலே தூக்கி இறக்குவதும் கழுத்தைச் சுழற்றுவதும்தான். மூட்டு இறுகாமல் இருக்க அவை உதவும்; தொடைக்குப் பலம் தராது. தசை தன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகச் சுமையைச் சந்தித்தால் மட்டுமே வளரும். எவ்வளவு அதிகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். முட்டி தாங்காத ஒருவருக்குத் தன் சொந்த எடையே பெரும் பளு. ஆகவே மென்மை என்பது சுமை இல்லாமல் இருப்பதல்ல. சுமையைப் படிப்படியாக, தன் உடம்பின் அளவுக்கு ஏற்றுவது.

இதற்கு ஜிம் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் சேர் போதும். ஆனால் டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் சேர் வழுக்கும். முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். கால் விரிசல் விட்ட சேர் வேண்டாம்.

சேரின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முட்டிக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இதுதான். பாதம் முன்னே நீண்டிருந்தால் எவ்வளவு பலசாலியும் எழ முடியாது. மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். நிமிர்ந்து ஒரு நொடி நில்லுங்கள். மூன்று எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக்கூடாது. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அதிலும் பலம் கூடும்.

எழ முடியவில்லையா? மடித்த போர்வையைப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள், கைப்பிடியை ஊன்றுங்கள். எட்டு முறை, ஓரிரு நிமிட ஓய்வு, இன்னும் எட்டு முறை. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் உடம்பு கோணக்கூடாது. பன்னிரண்டு முறை சுலபமாக வந்தால் அடுத்த படி: போர்வையை எடுங்கள், பிறகு கையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். தளர்ந்த பலம் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் இதே சேர் உதவும். கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைவு என்பது ஆசிய நாடுகளின் முதுமைத் தசையிழப்பு வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல்.

நடை மட்டும் போதாது

விழுந்து சாவோர் எண்ணிக்கை உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் முதியோருக்கே பங்கு அதிகம். எண்பது சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். வடசென்னை வீடுகளில் விழ இடத்துக்குப் பஞ்சமில்லை: உயரமான வாசற்படி, ஈரமான குளியலறை, ஹவுசிங் போர்டு பிளாக்கின் இருட்டுப் படிக்கட்டு, தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு ஓடும் அவசரம்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்ப்பெல் குழு இதற்கென்றே வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கி, 80 வயது தாண்டிய பெண்களிடம் சோதித்து 1997-இல் வெளியிட்டது. பலத்துக்குச் சில, சமநிலைக்குச் சில, கூடவே நடை. அடுத்தடுத்த சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுதல்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. 2019-இல் 108 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீட்டில் உடற்பயிற்சியால் விழுதல் 23 சதவீதம் குறைந்தது. சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சிகளில் 34 சதவீதம். வெறும் நடைப்பயிற்சி விழுவதைத் தடுக்கும் என்று அதில் உறுதியாகத் தெரியவில்லை.

சமநிலைப் பயிற்சிக்குச் சமையல் மேடை நல்ல துணை. மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல்நுனியில் ஒட்டி, ஒரே கோட்டில் நில்லுங்கள். பத்து நொடி. பழகியதும் இரண்டு கைக்குப் பதில் ஒரு கை, பிறகு இரண்டு விரல், பிறகு மேடைக்கு மேலே கை அந்தரத்தில். துணைக்கு ஒருவர் அருகில் நிற்கட்டும். பிடி இல்லாமல் பத்து நொடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் அதிகம். அடுத்தது, மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி விரல்களில் நிற்பது. பிறகு பக்கவாட்டில் எட்டு வைத்து மேடை நீளத்துக்கும் போய்வருவது. இடுப்பின் பக்கத் தசை பலமானால் கால் தடுக்கினாலும் ஆள் சாயமாட்டார்.

எதில் கவனம்

மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் நொடியில் தாவும். முயலும்போது மூச்சை வெளியே விடுவதே விதி. படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது மேல் அழுத்தம் 20 புள்ளி சரிந்தால் தலைசுற்றும். பி.பி. மாத்திரை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜம். படுக்கை விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுங்கள். இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு சரியாக ஏறாது; ஆகவே நாடியை எண்ணி உழைப்பை அளக்க முடியாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவே போதுமான அடையாளம்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடக்கப் போகக்கூடாது. சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

எலும்பு மெலிந்த பெண்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மெஹ்ர்ஷீத் சினாகி 1984-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய நசுங்கல்கள் தெரிந்தன. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கே. காலை நீட்டி உட்கார்ந்து தலையை முட்டியில் வைக்கும் ஆசனம் எல்லோருக்கும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

முட்டி வலி இருந்தால்? பயிற்சியின்போது லேசாக வலித்து மறுநாளுக்குள் தணிந்தால் தொடரலாம். வீங்கினால் சுமையைக் குறைக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டல், இதில் எது வந்தாலும் நிறுத்தி 108-ஐ அழையுங்கள். இதயநோய் உள்ளவர்களும் சமீபத்தில் அறுவை செய்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

எங்கே நடப்பது?

நடையின் பலனைக் காற்றும் தீர்மானிக்கிறது. லண்டனில் 60 வயது தாண்டிய 119 பேரை ஒரு நாள் ஹைட் பார்க்கிலும் இன்னொரு நாள் டீசல் பஸ்கள் நெரியும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். பூங்காவில் நடந்தபோது நுரையீரலும் இரத்தக்குழாயும் மேம்பட்டன; தெருவில் நடந்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி காணாமல் போனது. லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நடக்கிறவருக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். மணலி, எண்ணூர் பக்கம் பனிக்கால விடியலில் புகை தரையோடு தங்கும். மார்கழி ஐந்து மணி நடை அங்கே உத்தமம் அல்ல. வெயில் ஏறிப் புகை கலைந்தபின் உள்தெருவிலோ கோயில் பிரகாரத்திலோ நடக்கலாம். காற்றில் நெடி அடிக்கும் நாளில் வீட்டுக்குள் சேரும் மேடையும் போதும். சித்திரை, வைகாசியில் மட்டும் கணக்கு மாறும்: வயதானவர்களுக்கு வியர்வையும் தாக உணர்வும் குறைவு, ஆகவே வெயிலுக்கு முன்பே முடிக்க வேண்டும்.

தென்சென்னைக்காரருக்கு மெரினா இருக்கிறது. அதில் பாதி துறைமுகத்தின் கொடை என்பது பலருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் கட்டிய துறைமுகச் சுவர் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து கடற்கரை அகன்றது. மணல் வராத ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. இன்று அங்கே கருங்கல் தடுப்புகள் நிற்கின்றன. நடக்க இடம் கேட்பது வடசென்னை முதியவர்களுக்கு உபரி ஆசையல்ல, பழைய பாக்கி.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் பாதை 8 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். பாஃபன்பார்கரோடு பணியாற்றிய ஐ-மின் லீ, சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களிடம் கண்டது இது: நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களின் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் இல்லை. பத்தாயிரம் காலடி என்ற கணக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுமானியின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவத்திலிருந்து வரவில்லை.

எவ்வளவு, எப்போது

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65 தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான உடலசைவு, இரண்டு நாளாவது பலப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி என்கிறது. முடியாதவர்கள் முடிந்ததைச் செய்யட்டும். சும்மா இருப்பதைவிட எதுவும் மேல். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய ஊர் இது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்திருக்கிறது. ஆலோசனை கேட்க இடம் உண்டு.

திங்கள், புதன், வெள்ளி சேர். மற்ற நாள் நடை. மேடைப் பயிற்சி தினமும் சோறு வேகும் நேரத்தில். தொடங்கும் நாளில் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆனது என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆறு வாரம் கழித்து அதே சேரில், அதே உயரத்தில், மறுபடி எண்ணுங்கள். நொடிகள் குறைந்திருந்தால் சரியான சுமையில் இருக்கிறீர்கள். குறையவில்லை, உடம்பில் வலியும் இல்லை என்றால், வயதைக் குறை சொல்லாதீர்கள். சுமை போதவில்லை என்று பொருள். போர்வையை எடுத்துவிடுங்கள்.